உளச்சிகிச்சை ஆய்வுகளைப் படித்தறிவது எப்படி?

நமது ஆலயத்தின் சமூகநலத் துணைக்குழுவுக்கு ஆண்டுதோறும் வரும் உதவி விண்ணப்பங்கள் பெரும்பாலும் நாம் நன்கறிந்தவையே. பள்ளிக் கட்டணம், இறுதிச் சடங்குச் செலவு, இரத்தச் சுத்திகரிப்புச் செலவு ஆகியவற்றுக்காகவே பலரும் எழுதுகின்றனர். அண்மை ஆண்டுகளில் இவற்றோடு இன்னொரு வகை விண்ணப்பமும் சேர்ந்துள்ளது. மகனுக்கோ மகளுக்கோ மனநலச் சிகிச்சை தேவைப்படுகிறது. அதற்குப் பெருந்தொகை கேட்கிறார்கள். கோயில் நலநிதியிலிருந்து ஒரு பகுதியாவது கிடைக்குமா என்று பெற்றோர் கேட்கின்றனர். விண்ணப்பத்தோடு சிகிச்சை நிலையத்தின் விளக்கத் தாள் ஒன்றும் இணைக்கப்பட்டிருக்கும். அதில் “எங்களிடம் வந்தவர்களுள் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் நலமடைந்துள்ளனர், இஃது ஆய்வுகளால் நிரூபிக்கப்பட்ட முறை” என்பதுபோன்ற வாசகம் காணப்படும்.

நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடைநிலைப்பள்ளியில் அறிவியலும் கணிதமும் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும், இத்தகைய வாசகத்தை எடைபோட்டுப் பார்க்க மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. ஆய்வு எவ்வாறு நடந்தது, யாரோடு யாரை ஒப்பிட்டார்கள் என்று கேட்கத் தெரிந்திருந்தால் போதும். அவ்வாறு கேட்கும் முறையை, நம்மிடம் வந்த விண்ணப்பங்களில் பலமுறை காணப்பட்ட ஒரு நோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் தன்மை

‘பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்’ என்று மருத்துவர்கள் கூறுவதைத் தமிழில் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்கிறோம். இதற்கு ஆளானவரின் உணர்ச்சிகள் கடலலைபோல் எழுந்து விழும். அன்புக்குரியவர் தம்மைக் கைவிட்டுவிடுவார் என்ற அச்சம் எந்நேரமும் வாட்டும். இன்று தெய்வமாகத் தெரிந்தவர் நாளை பகைவராகத் தெரிவார். உள்ளத்தில் ஒரு வெறுமை. அடக்க முடியாத சினம். பின்விளைவை எண்ணாத செயல்கள். தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளுதல். சிலரிடம் தற்கொலை முயற்சி. சுற்றியிருப்போர் இதைத் திமிர் என்பர், நடிப்பு என்பர், சிலர் செய்வினை என்றும் சொல்வர். ஆனால் இது சிகிச்சைக்குரிய ஒரு நோய்நிலையே ஆகும்.

அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் 1938-ஆம் ஆண்டிலேயே இத்தகையோரைப் பற்றி எழுதினார். 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதை முறையாகச் சேர்த்தது. இன்றைய பட்டியலின்படி இந்நோய்க்கு 9 அறிகுறிகள் உள்ளன. அவற்றுள் 5 இருந்தால் நோய் உண்டு எனக் கொள்ளலாம்.

இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 அறிகுறிகளில் 5 அல்லது அதற்கு மேற்பட்டவற்றைத் தேர்ந்தெடுக்க 256 வழிகள் உள்ளன. அதாவது, ஒரே நோயின் பெயரைச் சுமப்போர் 256 விதமாக இருக்க இயலும். இருவருக்கு 9 அறிகுறிகளுள் ஒன்றே ஒன்று மட்டும் பொதுவாக இருக்கவும் கூடும். ஆகவே, “இந்நோய்க்கு இச்சிகிச்சை” என்று யாரேனும் சொன்னால், எத்தகைய நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

காலத்தால் தேறுவதும் சிகிச்சையால் தேறுவதும்

சிகிச்சைக்குப் பின் ஒருவர் நலமடைந்தால் சிகிச்சைதான் காரணம் என்று நாம் இயல்பாகவே முடிவு கட்டிவிடுகிறோம். இங்கேதான் பெரிய இடறல் இருக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரையடுத்த மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஸனாரினி என்ற அறிஞரின் தலைமையில் 1992-இல் ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கியது. அம்மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த, இந்நோய்க்கு ஆளான 290 பேரைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். 2010-இல் வெளிவந்த பத்தாண்டுக் கணக்கின்படி, அவர்களுள் 93 விழுக்காட்டினருக்கு நோயின் அறிகுறிகள் குறைந்தது ஈராண்டுக் காலமாவது தணிந்திருந்தன. இவர்கள் எல்லாரும் குறிப்பிட்ட ஒரே சிகிச்சையைப் பெற்றவர்கள் அல்லர். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வகையான உதவி பெற்றவர்கள். இதில் நம்பிக்கையும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. இந்நோய் தீராது என்ற பழைய எண்ணம் தவறு என்பது நம்பிக்கை. பலர் காலப்போக்கில் தேறுவதால், அந்தத் தேற்றத்தின் பெருமையை எந்தச் சிகிச்சையும் எளிதில் தனதாக்கிக்கொள்ள முடியும் என்பது எச்சரிக்கை. அறிகுறி தணிந்ததோடு வேலையிலும் உறவிலும் நன்கு காலூன்றியவர்கள் பாதிப்பேர் மட்டுமே என்பதையும் அதே கணக்கு சொல்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மனிதர்கள் மிக மோசமான நிலையில் இருக்கும்போதுதான் சிகிச்சைக்கு வருகின்றனர். உச்சத்திற்குச் சென்ற துன்பம் எப்படியும் சற்று இறங்கத்தான் செய்யும். ஆசிரியர்களுக்கு இது நன்கு தெரியும். முதல் தவணைத் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பத்து மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சிலருக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும். சிலர் கேள்வியைத் தவறாகப் படித்திருப்பர். இரண்டாம் தவணையில் அந்தப் பத்துப் பேரின் சராசரி, யாரும் எதுவும் செய்யாமலேயே, ஓரளவு உயர்ந்திருக்கும். இடையில் அவர்களைச் சேர்த்துக்கொண்ட டியூஷன் நிலையம் “எங்களால் உயர்ந்தது” என்று பலகை வைத்துக்கொள்ளலாம். புள்ளியியலார் இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பர்.

குலுக்கல் எதற்கு?

இந்த இடறலைத் தவிர்க்க மருத்துவ உலகம் கண்டறிந்த வழி குலுக்கல் முறை ஒப்பீட்டு ஆய்வு. ஒரே வகையான நோயாளிகளைக் குலுக்கல் மூலம் இரு பிரிவாக்குவார்கள். ஒரு பிரிவுக்குப் புதிய சிகிச்சை. மறு பிரிவுக்கு வேறொன்று. காலத்தால் வரும் தேற்றம் இரு பிரிவுக்கும் பொது. ஆகவே, இறுதியில் இரு பிரிவுக்கும் இடையே காணப்படும் வேறுபாட்டையே சிகிச்சையின் பயனாகக் கொள்ளலாம். யாரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று மருத்துவரே முடிவு செய்தால், தேறக்கூடியவர்களைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள மனம் அறியாமலேயே சாயும். எனவேதான் குலுக்கல்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷா லினஹன், தாம் உருவாக்கிய ‘டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி’ என்னும் சிகிச்சையை இவ்வாறு சோதித்து 1991-இல் முடிவை வெளியிட்டார். வாரந்தோறும் தனிச் சந்திப்பு, உணர்ச்சியைக் கையாளும் திறன்களைக் கற்பிக்கும் குழு வகுப்பு, நெருக்கடியில் தொலைபேசி உதவி ஆகியவை இச்சிகிச்சையின் கூறுகள். தம்மைத் தாமே பலமுறை காயப்படுத்திக்கொண்ட 44 பெண்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். ஓராண்டின் முடிவில், புதிய சிகிச்சை பெற்றவர்களிடம் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் செயல்கள் குறைவாக இருந்தன. மருத்துவமனையில் தங்கிய நாட்களும் குறைந்தன. அவர்களுள் 83 விழுக்காட்டினர் ஒரே சிகிச்சையாளரிடம் ஓராண்டும் நிலைத்திருந்தனர். மறு பிரிவில் 42 விழுக்காட்டினரே அவ்வாறு இருந்தனர்.

இந்நோய்க்கு ஆளானவர்களிடம் எந்த முயற்சியும் பலிக்காது என்று பலர் கைவிரித்திருந்த காலத்தில் இது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதே ஆய்வறிக்கை இன்னொன்றையும் ஒளிக்காமல் கூறுகிறது. மனச்சோர்வு, நம்பிக்கையின்மை, தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் இரு பிரிவுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. செயல் மாறியது, உள்ளே இருந்த வேதனை அந்த அளவுக்கு மாறவில்லை. “நலமடைந்தனர்” என்ற ஒரு சொல்லில் இவ்விரண்டும் கலந்துவிடக் கூடாது. எதை அளந்தார்கள் என்பது நம் இரண்டாம் கேள்வி.

எதனோடு ஒப்பிட்டார்கள்?

மூன்றாம் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. 1991-ஆம் ஆண்டு ஆய்வில் மறு பிரிவினர் பெற்றது ‘வழக்கமான சிகிச்சை’. அவரவர் வட்டாரத்தில் கிடைத்த உதவியே அது. சிலருக்கு ஒழுங்காகக் கிடைத்தது. சிலருக்கு அரைகுறையாகக் கிடைத்தது. டியூஷனுக்குச் செல்லும் மாணவரை எந்த உதவியும் ஒழுங்காகக் கிடைக்காத மாணவரோடு ஒப்பிட்டால் டியூஷன் வெல்வதில் வியப்பில்லை. அந்நிலையத்தின் தனிப்பட்ட பாடமுறை வென்றதா, அல்லது வாரந்தோறும் ஒருவர் அக்கறையோடு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது வென்றதா? அந்த ஒப்பீட்டால் இதைப் பிரித்தறிய முடியாது.

லினஹன் குழுவினரும் இதை உணர்ந்தே இருந்தனர். 2006-இல் வெளியான அவர்களுடைய அடுத்த பெரிய ஆய்வில் 101 பெண்கள் இடம்பெற்றனர். இம்முறை மறு பிரிவினருக்குச் சிகிச்சை அளித்தவர்கள், கடினமான நோயாளிகளைக் கையாள்வதில் வல்லவர்கள் எனச் சக துறையினரால் பரிந்துரைக்கப்பட்டவர்கள். ஒப்பீடு கடினமாகியும், புதிய சிகிச்சை பெற்றவர்களிடம் தற்கொலை முயற்சி ஏறத்தாழப் பாதியாக இருந்தது. இது வலுவான சான்று.

பின்னர் 2009-இல் கனடாவின் டொரோண்டோ நகரிலிருந்து ஷெல்லி மெக்மெய்ன் குழுவினரின் ஆய்வு வந்தது. 180 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு லினஹன் முறையும், மறு பிரிவுக்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலைத் தழுவிய முறையான பொது மனநலச் சிகிச்சையும் அளித்தனர். ஓராண்டின் முடிவில் இரு பிரிவினருமே நன்கு முன்னேறினர். இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

லண்டனில் ஆண்டனி பேட்மன், பீட்டர் ஃபோனகி இருவரும் உருவாக்கிய ‘மெண்டலைசேஷன்’ முறை, தன் மனத்திலும் பிறர் மனத்திலும் என்ன நிகழ்கிறது என்று நின்று நிதானித்து எண்ணப் பழக்குவது. 2009-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் 134 பேர் இடம்பெற்றனர். மறு பிரிவுக்கும் ஒழுங்கமைந்த சிகிச்சையே தரப்பட்டது. இரு பிரிவும் முன்னேறின. புதிய முறை பெற்ற பிரிவு கூடுதலாக முன்னேறியது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் பொதுவான ஒரு போக்கு தெரிகிறது. மறு பிரிவுக்குக் கிடைக்கும் கவனிப்பு நன்றாக ஆக ஆக, புகழ்பெற்ற சிகிச்சையின் கூடுதல் பயன் சிறுத்துக்கொண்டே போகிறது. புகழ்பெற்ற சிகிச்சை பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. ஒழுங்கான, நிலையான கவனிப்புக்கே பெரும் பயன் உண்டு என்று பொருள்.

மதிப்பெண் போட்டவர் யார்? இடையில் நின்றவர் எங்கே?

மாத்திரை ஆய்வில் உண்மை மாத்திரை எது, வெறும் மாத்திரை எது என்று நோயாளிக்குத் தெரியாமல் வைத்திருக்க முடியும். பேச்சுச் சிகிச்சையில் அது இயலாது. ஆனால் முடிவை மதிப்பிடுபவருக்குத் தெரியாமல் வைத்திருக்கலாம். எஸ்.பி.எம். தேர்வுத்தாளில் மாணவர் பெயரின்றி எண் மட்டும் இருப்பது எதற்காகவோ, அதற்காகவே இந்த ஏற்பாடும். ஒரு முறையை உருவாக்கியவரே அதைச் சோதிக்கும்போது இந்தக் காப்பு மிகவும் தேவை. மேலே கூறிய சியாட்டில், லண்டன் ஆய்வுகளை நடத்தியவர்கள் அம்முறைகளை உருவாக்கியவர்களே. அவர்களுடைய நேர்மையை நாம் ஐயுறவில்லை. தம் பிள்ளையின் தாளைத் தாமே திருத்த எந்த ஆசிரியரும் விரும்பமாட்டார், அவ்வளவுதான்.

அடுத்து, இடையில் நின்றவர்கள். ஒரு கற்பனைக் கணக்கு: 40 பேர் சிகிச்சையில் சேர்ந்தனர். 20 பேர் பாதியில் நின்றுவிட்டனர். எஞ்சிய 20 பேரில் 16 பேர் தேறினர். “முடித்தவர்களில் 80 விழுக்காட்டினர் தேறினர்” என்று விளம்பரம் செய்யலாம், சொல் பொய்யன்று. ஆனால் சேர்ந்தவர்களைக் கொண்டு கணக்கிட்டால் 40 விழுக்காட்டினரே தேறியதாகச் சான்று உள்ளது. இந்நோயில் பாதியில் நிற்பவர்கள் அதிகம். டொரோண்டோ ஆய்விலேயே இரு பிரிவிலும் ஏறத்தாழ 10-க்கு 4 பேர் சிகிச்சையை முடிக்கவில்லை. ஆகவே, நல்ல ஆய்வு சேர்ந்த அனைவரையும் கணக்கில் கொள்ளும்.

எவ்வளவு காலம் கவனித்தார்கள் என்பதும் முக்கியம். பேட்மன், ஃபோனகி இருவரும் தம் முதல் ஆய்வில் இடம்பெற்றவர்களுள் 41 பேரை எட்டாண்டுகளுக்குப் பின் தேடிச் சென்று பார்த்து 2008-இல் எழுதினர். அந்த இடைக்காலத்தில் தற்கொலைக்கு முயன்றோர் சிகிச்சைப் பிரிவில் 23 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை பெற்ற பிரிவில் 74 விழுக்காடு. மிகப் பெரிய வேறுபாடு இது. ஆனால் 41 பேர் என்பது ஒரு வகுப்பறை அளவே. மேலும், அறிகுறிகள் நீங்கியவர்களும் சமூக வாழ்வில் இன்னும் தடுமாறியே இருந்தனர் என்று அவர்களே பதிவு செய்துள்ளனர்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால்

ஒரே ஒரு தேர்வை வைத்து ஒரு மாணவரை எடைபோட மாட்டோம். அதுபோலவே ஆய்வுகளையும் தொகுத்துப் பார்க்க வேண்டும். 2017-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 33 ஆய்வுகளையும் அவற்றில் இடம்பெற்ற 2256 பேரையும் கணக்கில் கொண்டது. உளச்சிகிச்சையால் பயன் உண்டு, ஆனால் அது சிறிய அளவினது என்றும், சாதகமான முடிவுகளே அதிகம் அச்சேறுவதால் பயன் மிகைப்பட்டுத் தெரியக்கூடும் என்றும் அது கூறியது.

காக்ரேன் என்னும் உலகளாவிய மருத்துவச் சான்றாய்வு அமைப்பு 2020-இல் 75 ஆய்வுகளையும் 4507 பேரையும் தொகுத்தது. வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுகையில், 0 முதல் 36 வரையுள்ள நோய்க்கடுமை அளவுகோலில் உளச்சிகிச்சை சராசரியாக 3.6 புள்ளிகளைக் கூடுதலாகக் குறைத்தது. நோயாளி உணரக்கூடிய முன்னேற்றத்திற்கு 3 புள்ளிகள் வேண்டும் என்று கணிக்கப்பட்டுள்ளது. ஆக, பயன் உண்மையானது. அற்புதம் என்று சொல்லுமளவுக்குப் பெரியதன்று. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், தற்கொலை தொடர்பான சான்றுகள் இன்னும் உறுதி குறைந்தவை என்றும் அத்தொகுப்பு எச்சரிக்கிறது.

ஒரு தாயின் கேள்வி

சென்ற ஆண்டு ஒரு தாயார், “ஐயா, அந்த இடத்தில் சேர்க்கப் பணம் இல்லையென்றால் என் மகளுக்கு வேறு வழியே இல்லையா?” என்று கேட்டார். தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளெல்லாம் ஏற்கெனவே அடகுக்கடைக்குப் போய்விட்டன. இக்கட்டுரையில் நான் கூறியவை அனைத்தும் அக்கேள்விக்கு விடை காணும் பொருட்டே.

ஆய்வுகள் தரும் விடை, வழி உண்டு என்பதுதான். பெயர்பெற்ற சிகிச்சை அருகில் இல்லாவிட்டாலும், பணம் இல்லாவிட்டாலும், ஒழுங்கான கவனிப்பால் பலர் முன்னேறுகின்றனர். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஆண்ட்ரூ சேனன் குழுவினர் 15 முதல் 25 வயதுக்குட்பட்ட 139 இளையோரிடம் நடத்திய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்குச் சிறப்புச் சேவையோடு தனி உளச்சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதே சேவையோடு நட்புமுறைப் பேச்சு மட்டும். மூன்றாம் பிரிவுக்குப் பொதுவான இளையோர் மனநலச் சேவையோடு நட்புமுறைப் பேச்சு. ஓராண்டின் முடிவில் மூன்று பிரிவினரும் முன்னேறினர். உறவிலும் சமூக வாழ்விலும் எந்தப் பிரிவும் மற்றதை விஞ்சவில்லை. தவறாமல் வருவதிலும் சிகிச்சையை முடிப்பதிலும் மட்டும் சிறப்புப் பிரிவு மேலாக இருந்தது. எந்த உதவியும் பெறாத பிரிவு அந்த ஆய்வில் இல்லை. ஆகவே, முன்னேற்றத்தில் எவ்வளவு பங்கு காலத்தால் வந்தது என்று அதைக்கொண்டு சொல்ல முடியாது என்பதையும் மறந்துவிடலாகாது.

முறையான கவனிப்பு என்பது என்ன? நோயை அதன் பெயர் சொல்லி விளக்குவது, குறித்த நாளில் குறித்த ஒருவரே சந்திப்பது, நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே திட்டமிடுவது, படிப்பையும் வேலையையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது, குடும்பத்தாருக்கும் சொல்லிக்கொடுப்பது ஆகியவையே. நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை நாட இவ்விடத்தில் தயங்க வேண்டியதில்லை. தற்கொலை முயற்சி குற்றம் என்றிருந்த சட்டப்பிரிவு மலேசியாவில் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. காவல்துறைக்கு அஞ்சி மறைக்கும் நிலை இனி இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

விளக்கத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, குடும்பத்தார் பின்வருவனவற்றைத் தயங்காமல் கேட்கலாம்:

1. இச்சிகிச்சை யாரிடம் சோதிக்கப்பட்டது? ஆய்வுகளில் பல மேலைநாடுகளில், பெரும்பாலும் பெண்களிடம் நடந்தவை. நம் பிள்ளைக்கு அவை எவ்வளவு பொருந்தும்?

2. எதனோடு ஒப்பிட்டார்கள்? ஒன்றோடும் ஒப்பிடவில்லையா?

3. பிரித்தது குலுக்கல் முறையிலா?

4. “நலம்” என்று எதை அளந்தார்கள்? அளந்தவருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியுமா?

5. எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் நின்றனர்? நின்றவர்கள் கணக்கில் உண்டா?

6. சிகிச்சை முடிந்த பின் எவ்வளவு காலம் கவனித்தார்கள்?

7. முறையை உருவாக்கியவரைத் தவிர வேறு எவரேனும் அதே முடிவைக் கண்டனரா?

8. இங்கே சிகிச்சை அளிப்பவர் அம்முறையில் முறையாகப் பயின்றவரா? அவரை மேற்பார்வை செய்பவர் உண்டா?

நேர்மையான சிகிச்சையாளர் இக்கேள்விகளால் மனம் கோணமாட்டார். தெரிந்ததைச் சொல்வார், சான்று எவ்வளவு என்றும் சொல்வார். “எல்லாருக்கும் உறுதியாகக் குணமாகும்” என்று உத்தரவாதம் தருபவரிடம் முன்பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது நலம். அதேவேளையில், இக்கட்டுரையைப் படித்துவிட்டு, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையையோ மருந்தையோ யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டா.

நமது துணைக்குழு இவ்வாண்டு முதல் மனநலச் சிகிச்சைக்கான விண்ணப்பங்களோடு இந்த எட்டுக் கேள்விகள் அடங்கிய தாளையும் வழங்கி வருகிறது. மருத்துவமனைக்குச் சென்றுவரும் போக்குவரத்துச் செலவுக்கும், தொடர் சந்திப்புகளுக்கும் நலநிதியில் முன்னுரிமை தரப்படுகிறது. ஒரு சந்திப்பும் தவறாமல் இருப்பதற்கு நாம் செய்யக்கூடிய உதவி அது. சிகிச்சைக்குச் செல்லும் பிள்ளைக்குத் துணையாக உடன் சென்றுவர விருப்பமுள்ள அன்பர்கள், ஆலய அலுவலகத்தில் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.